சாக்கெட் பொருந்தினால் போதுமா? ஏஎம்டிக்கும் மதர்போர்டு தயாரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஏஎம்டி நிறுவனத்தின் மேசைக்கணினிப் பிராசசர் பிரிவினருக்கும், பிராசசரைப் பொருத்தும் ஏஎம்5 சாக்கெட் கொண்ட மதர்போர்டு செய்யும் அனைவருக்கும் வணக்கம்.

என் கணினியில் 2023-இல் வாங்கிய பி650 மதர்போர்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பது ஆறு கோர் கொண்ட ரைசன் 5 7600. வாங்கிய நாட்களில் பிராசசரைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. போர்டைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் பிடித்தது. பிராசசரை எப்படியும் சில ஆண்டுகளில் மாற்றிவிடுவேன், போர்டு அப்படியே இருக்கும் என்ற கணக்கில்தான் அவ்வளவு யோசித்தேன். அந்தக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள். 2022-இல் ஏஎம்5 சாக்கெட்டை அறிமுகப்படுத்தியபோது, 2025 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்றீர்கள். 2024-இல் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் அந்த ஆண்டை 2027 என்று நீட்டினீர்கள். அடுத்த தலைமுறைப் பிராசசர் வடிவமைப்பான ஜென் 6-இன் பெயரும் உங்கள் திட்டப் பட்டியலில் ஏறிவிட்டது. அதற்காகக் காத்திருப்பவர்களில் நானும் ஒருவன். அறிமுக மேடை போட்டு விளக்குகளை ஏற்றிய பிறகு எதைச் சொன்னாலும் உங்களால் மாற்ற முடியாது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றைத்தான். புதிய பிராசசரின் பெயரையும் விலையையும் அறிவிக்கும் அதே நாளில், அது எந்தெந்த போர்டில், எந்த பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் நிரல்) பதிப்பில், எத்தனை வாட் வரை தடையின்றி ஓடும் என்ற முழுப் பட்டியலையும் வெளியிடுங்கள். ஒரு வாரம் கழித்து வேண்டாம். போர்டு தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபோது ஒவ்வொரு மூலையில் போடுவதும் வேண்டாம். விலைப் பலகையின் பக்கத்திலேயே அது இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதற்கு, ஏஎம்5-க்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட்டின் கதையே போதும். அந்தக் கதையில் உங்களுக்குப் பெருமையும் உண்டு, பாடமும் உண்டு. பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நான் மனதார மதிக்கிறேன்.

2017 மார்ச்சில் ரைசன் வந்தபோது எட்டு கோர் கொண்ட 1800எக்ஸ் 499 டாலருக்குக் கிடைத்தது. அதே எட்டு கோருக்கு இன்டெல்லின் 6900கே ஆயிரம் டாலருக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த மாதம் வந்த 219 டாலர் ரைசன் 5 1600-ஐ நான் வாங்கி, ஒரு பி350 போர்டில் பொருத்தினேன். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2022-இல், அதே போர்டுக்குப் புதிய பயாஸ் வந்தது. 1600-ஐக் கழற்றி 5600-ஐ வைத்தேன். விசிறி அதே, ரேம் அதே, பெட்டி அதே. கணினி மட்டும் வேறொன்றாகிவிட்டது. அந்தப் பெட்டியில்தான் இன்று என் அக்கா மகள் நிரல் எழுதக் கற்கிறாள். விரும்பியிருந்தால் 96 மெகாபைட் எல்3 கேச் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) கொண்ட 5800எக்ஸ்3டியையே அதில் வைத்திருக்கலாம். 2017-இல் செய்த போர்டில் 2022-இன் மிகச் சிறந்த விளையாட்டுப் பிராசசர்! இன்டெல் பக்கத்தில் அதே ஆண்டுகளில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறை பிராசசருக்கும் அதற்கு முந்தைய போர்டுக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றே, எல்ஜிஏ1151. ஆனாலும் இசட்270 போர்டு அதை ஏற்கவில்லை. அந்த போர்டு சந்தைக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

ஆனால் 5600-க்கு நான் வந்து சேர்ந்த பாதை நேராக இருக்கவில்லை. 2020 மே 7 அன்று, அடுத்து வரும் ஜென் 3 பிராசசர்கள் (5600-உம் இந்த வகைதான்) 500 வரிசை சிப்செட்டுகளில், அதாவது பி550, எக்ஸ்570 போன்ற துணைச் சில்லுகள் கொண்ட போர்டுகளில், மட்டுமே ஓடும் என்று அறிவித்தீர்கள். அந்தத் தேதியில் பி550 போர்டு விற்பனைக்கே வந்திருக்கவில்லை, ஜூனில்தான் வந்தது. 2019 ஜூலையில் ரைசன் 3000 வந்த நாளிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு காலம், எக்ஸ்570-க்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்குக் கிடைத்த நல்ல போர்டு பி450தான். அதை வாங்கச் சொல்லி நானே நாலைந்து பேரிடம் பரிந்துரைத்திருந்தேன். அந்த வாரம் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தவித்தது நினைவிருக்கிறது. எதிர்ப்புக் குரல் வலுத்ததும் மே 19 அன்று முடிவை மாற்றி, பி450, எக்ஸ்470 போர்டுகளுக்கும் ஆதரவு தருவதாகச் சொன்னீர்கள். வாடிக்கையாளர் சொல்லுக்குக் காது கொடுத்து, அதுவும் 12 நாளில், ஒரு பெரிய நிறுவனம் பின்வாங்குவது எளிதல்ல. அதற்கு என் நன்றி. இருந்தாலும் எக்ஸ்370, பி350, ஏ320 வைத்திருந்தவர்கள் மேலும் ஏறத்தாழ இரண்டாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. முடியாது என்று 2020-இல் சொன்னது 2022-இல் முடிந்தது.

நீங்கள் அப்போது சொன்ன காரணம் பொய்யல்ல. பயாஸ் நிரலைத் தாங்கும் சிப்பின் கொள்ளளவு பெரும்பாலான பழைய போர்டுகளில் 16 மெகாபைட்தான். 2016-இலிருந்து வந்த அத்தனை பிராசசர்களுக்கும் தேவையான நிரல்களை அதற்குள் அடக்க முடியவில்லை. புதியதை உள்ளே விட்டால் பழையதை வெளியேற்ற வேண்டும். சில தயாரிப்பாளர்கள் படங்களோடு கூடிய பயாஸ் திரையை எளிய எழுத்துத் திரையாகச் சுருக்கி இடம் தேடினார்கள். சிலர் அதே பி450 போர்டை 32 மெகாபைட் சிப்போடு மறுபடி வெளியிட்டார்கள். வாங்குபவர்களில் எத்தனை பேர் இந்த எண்ணைப் பார்த்து வாங்கியிருப்பார்கள்? பெட்டியின் மேல் வண்ண விளக்குகளின் பெருமை கொட்டை எழுத்தில் இருந்தது. போர்டின் ஆயுளைத் தீர்மானித்த இந்த எண் எங்கும் இல்லை.

இதை இங்கே விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏஎம்5 போர்டுகளில் பலவற்றில் இருப்பது 32 மெகாபைட் சிப். அண்மையில் வரும் சில போர்டுகள் 64 மெகாபைட்டை ஒரு சிறப்பம்சமாகச் சொல்லி விற்கப்படுகின்றன. விற்பவர் வருங்காலத்தை மனதில் வைத்துத்தானே அப்படிச் சொல்கிறார்? அப்படியானால் என்னுடைய 32 மெகாபைட் போர்டின் வருங்காலம் என்ன? ரைசன் 7000, 8000ஜி, 9000 ஆகிய மூன்றையும் தாங்கிக்கொண்டு நான்காவதையும் அது தாங்குமா, அல்லது ஒன்றைத் தள்ளிவிட்டுத்தான் அடுத்ததைச் சேர்ப்பீர்களா? பதில் எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். பழையதை வெளியேற்ற வேண்டும் என்றால், எந்தப் பழையது என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். 2020 மே மாதத்தை இன்னொரு முறை வாழ எனக்கு விருப்பமில்லை.

பயாஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நினைவுக்கு வருவது 2021-இல் ஒரு நண்பருக்காகக் கட்டிய கணினி. புத்தம்புதிய போர்டு, புத்தம்புதிய பிராசசர். பொருத்தி, பொத்தானை அழுத்தினோம். விசிறி சுற்றியது, திரை இருண்டே இருந்தது. ரேமைக் கழற்றி மாட்டினோம், மின்வழங்கியை மாற்றிப் பார்த்தோம், கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தோம். மூன்று நாள் போயிற்று. பழுது எதிலும் இல்லை. போர்டு தயாரிக்கப்பட்ட மாதத்தில் அந்த பிராசசர் பிறந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அதை எழுப்பப் புதிய பயாஸ் வேண்டும், பயாஸை ஏற்ற அது அறிந்த ஒரு பிராசசர் வேண்டும். என் கணினியிலிருந்த 1600-ஐக் கழற்றிக் கொண்டுபோய் வைத்த பிறகே அது கண் திறந்தது. நண்பருக்கு நான் இருந்தேன். யாருமில்லாதவர் என்ன செய்வார்? 2018-இல் இதே சிக்கல் வந்தபோது, பயாஸ் ஏற்றுவதற்கென்றே ஒரு பிராசசரைக் கடனாக அனுப்பும் ஏற்பாட்டை ஏஎம்டி செய்தது. நல்ல மனதோடு செய்த ஏற்பாடு. ஆனால் பிராசசர் இல்லாமலே யுஎஸ்பி நினைவகத்திலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் போர்டில் இருந்துவிட்டால் கடன் பிராசசருக்கு வேலையே இல்லை. இன்று பல ஏஎம்5 போர்டுகளில் அந்தப் பொத்தான் இருக்கிறது. மிக மலிவான போர்டு உட்பட எல்லாவற்றிலும் அது கட்டாயம் என்று ஏஎம்டி விதித்துவிட வேண்டும். மலிவான போர்டை வாங்குபவரிடம்தான் உதவிக்கு இன்னொரு பிராசசர் இருக்காது.

போர்டு தயாரிப்பாளர்களே, பீட்டா (சோதனைப் பதிப்பு) என்ற ஒட்டுப்பெயரைப் பற்றியும் உங்களிடம் ஒரு வார்த்தை. புதிய பிராசசருக்கான முதல் பயாஸ் பீட்டாவாக வரட்டும், தவறில்லை. மாதக்கணக்கில் அது பீட்டாவாகவே கிடப்பது தவறு. ஏதாவது கெட்டுப்போனால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள்.

அடுத்தது மின்சக்தி. இங்கே பொருந்தும் என்ற சொல்லே பாதி உண்மையாகிவிடுகிறது. பெட்டியில் 105 வாட் என்று எழுதியிருக்கும் ரைசன் பிராசசர், சாக்கெட் வழியாக 142 வாட் வரை இழுக்கலாம். 170 வாட் என்பது உண்மையில் 230 வாட் வரை போகும். இந்தக் கணக்கை ஏஎம்டி மறைக்கவில்லை, ஆவணங்களில் இருக்கிறது. ஆனால் விலைப்பட்டியலில் மக்கள் பார்ப்பது சிறிய எண்ணை மட்டும். போர்டில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதி மெலிதாக இருந்தால், பதினாறு கோர் பிராசசர் அதில் பொருந்தும், விண்டோஸ் திறக்கும், எல்லாம் சரியாகவே தெரியும். ஒரு நீண்ட காணொளியை ஏற்றுமதி செய்ய விட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பகுதி கொதித்து, வேகம் தானாக இறங்கியிருக்கும். ஏ620 சிப்செட்டை 65 வாட் வகைப் பிராசசர்களை மனதில் வைத்துச் செய்ததாக நீங்களே சொன்னீர்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒவ்வொரு போர்டுக்கும் விரிவுபடுத்துங்கள். இந்தப் பிராசசர் இந்தப் போர்டில் முழு வேகத்தில் ஓடும், அந்தப் போர்டில் ஓடும் ஆனால் குறைந்த வேகத்தில், என்று இரண்டு நிறத்தில் காட்டினால் போதும்.

மின்னழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது 2023 ஏப்ரலைத் தாண்டிப்போக முடியாது. கூடுதல் கேச் கொண்ட 7000எக்ஸ்3டி வகைப் பிராசசர்கள் சில சாக்கெட்டிலேயே கருகிய படங்கள் வெளிவந்தன. பிறகு எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு (பிராசசருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி போன்றவற்றுக்குப் போவது) 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பு வந்தது. அந்த வரம்பு முதல் நாளிலேயே இருந்திருக்க வேண்டியது. போட்டி நிறுவனமான இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் உயர் மின்னழுத்தத்தால் நிலைகுலைந்து, 2024-இல் மைக்ரோகோடு (பிராசசரின் உள்நிரல்) திருத்தமும் இரண்டாண்டு கூடுதல் உத்தரவாதமும் தரவேண்டி வந்ததையும் பார்த்தோம். புதிய பிராசசர் ஒரு போர்டில் ஓடும் என்று பட்டியலில் எழுதினால், பயனர் எந்த அமைப்பையும் தொடாத நிலையில் அது பாதுகாப்பாக ஓடும் என்பதும் அதில் அடக்கம் என்றே நாங்கள் படிப்போம்.

செயல்திறனுக்கு வருகிறேன். எத்தனை சதவீதம் கூடும் என்று ஊகிக்க எனக்கு ஆசையில்லை. ஜென் 5 அறிமுகத்தின்போது, ஒரே கடிகார வேகத்தில் சராசரியாக 16 சதவீதம் கூடும் என்றீர்கள். முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் ரெண்டரிங், நிரல் தொகுப்பு போன்ற வேலைகளில் முன்னேற்றம் உண்மையாகவே தெரிந்தது. விளையாட்டுகளில் 9700எக்ஸ் முந்தைய 7700எக்ஸைப் பெரிதாகத் தாண்டவில்லை. உங்கள் எண்களை விண்டோஸின் நிர்வாகிக் கணக்கில் சோதித்து எடுத்ததாக நீங்கள் விளக்கினீர்கள், பின்னர் விண்டோஸ் புதுப்பிப்பு வந்தது, 9700எக்ஸுக்கு 65 வாட்டிலிருந்து 105 வாட்டுக்கு ஏறும் வழியும் புதிய பயாஸில் வந்தது. ஒவ்வொன்றும் நல்லதுதான். ஆனால் முதல் வாரத்தில் வாங்கியவர் ஒரு பிராசசரை வாங்கினார், மூன்றாம் மாதத்தில் வாங்கியவர் வேறொரு பிராசசரை வாங்கினார், இரண்டுக்கும் பெயர் ஒன்றே. இந்த முறை பயாஸும் இயங்குதளமும் தயாரான பிறகு வாருங்கள். 2024-இல் தரச் சோதனைக்காக அறிமுகத்தை ஜூலை 31-இலிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளியபோது நான் குறைசொல்லவில்லை. இன்னும் ஒரு மாதம் தள்ளினாலும் சொல்ல மாட்டேன்.

சோதனை எண்களை எந்த ரேமில் எடுத்தீர்கள் என்பதும் எங்களுக்கு முக்கியம். ரைசன் 7000-க்கு அதிகாரப்பூர்வ ரேம் வேகம் டிடிஆர்5-5200, 9000-க்கு 5600. சிறந்த பலன் தருவது 6000 என்று பரிந்துரைத்ததும் நீங்களே. அதிகாரப்பூர்வ வேகத்தைத் தாண்டுவது ஓவர்கிளாக் கணக்கில் சேரும், அதனால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது. பரிந்துரை ஒரு பக்கமும் உத்தரவாதம் மறுபக்கமும் நிற்கக் கூடாது. 6000-இல் எடுத்த எண்ணைக் காட்டி விற்றால், 6000-க்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

இனி விலை. ரைசன் 5000 வந்தபோது ஆறு கோர் 5600எக்ஸின் விலை 299 டாலர், அதற்கு முந்தைய 3600எக்ஸைவிட 50 டாலர் அதிகம். மலிவான 5600 வருவதற்கு 2020 நவம்பரிலிருந்து 2022 ஏப்ரல் வரை ஆனது. அது 199 டாலர். ஏஎம்5-இல் இந்தக் காத்திருப்பு குறைந்தது. 2022 செப்டம்பரில் 7600எக்ஸ் 299 டாலர், அடுத்த ஜனவரியிலேயே 7600 விசிறியோடு 229 டாலர். இரண்டுக்கும் இடையிலான வேக வேறுபாட்டைக் கண்ணால் காண முடியாது. நான் காத்திருந்து 7600-ஐ வாங்கினேன். காத்திருக்கத் தெரியாதவர் 70 டாலரும் விசிறிக்கான பணமும் கூடுதலாகக் கொடுத்தார். எக்ஸ்3டி வகையிலும் இதே ஒழுங்குதான்: 2023 பிப்ரவரியில் விலை உயர்ந்த இரண்டு, பெரும்பாலோர் எதிர்பார்த்த 449 டாலர் 7800எக்ஸ்3டி ஏப்ரலில். வியாபாரத்தில் இது வழக்கம் என்பது எனக்குத் தெரியும். எந்த மாதிரி எப்போது வரும், என்ன விலை என்பதை முதல் நாளே மொத்தமாகச் சொல்லிவிடுங்கள். அவசரக்காரர் முதலில் வாங்கட்டும், மற்றவர் தெரிந்தே காத்திருக்கட்டும்.

பிராசசரின் விலையைத் தனியாகப் பார்க்க முடியாத காலம் இது. 2025-இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் டிடிஆர்5 ரேமின் விலை கடுமையாக ஏறியது. புதிதாக ஒரு கணினி கட்டுபவருக்கு ரேம் வாங்கும் செலவே பிராசசருக்கு நிகராக வந்து நிற்கிறது. ஏற்கெனவே ஏஎம்5 போர்டும் ரேமும் வைத்திருப்பவருக்கோ, பிராசசரை மட்டும் மாற்றி நான்கைந்து ஆண்டுகள் ஓட்டுவதுதான் கைக்கெட்டும் ஒரே வழி. 2017-இல் நான் பி350-ஐ வாங்கியபோது நீண்டகால ஆதரவு எனக்கு ஒரு கூடுதல் வசதி. இன்று பலருக்கு அது இருந்தால்தான் மேம்படுத்தவே முடியும். 350 டாலர் பிராசசர் பழைய போர்டில் ஓடினால் அதன் விலை 350 டாலர். ஓடாவிட்டால், போர்டையும் சேர்த்தால் அது அறுநூறை நெருங்கும். அதனால்தான் விலையையும் பட்டியலையும் ஒரே நாளில் கேட்கிறேன். பட்டியல் இல்லாமல் சொல்லப்படும் விலை எங்களுக்கு விலையே ஆகாது.

மதிப்பாய்வாளர்களின் முடிவுகள் விற்பனை தொடங்குவதற்கு முந்தைய நாள் வருவதையும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினால் நல்லது. ஐந்து நாள் இருந்தால், அவர்களில் யாராவது ஒருவர் அதைப் பழைய பி650-இலும் ஏ620-இலும் வைத்துப் பார்த்துச் சொல்வார். இப்போது எல்லோருக்கும் சோதிக்கக் கிடைப்பது விலை உயர்ந்த எக்ஸ்870இ போர்டு. அதில் வந்த எண்ணை வைத்து என் கணினியில் என்ன வரும் என்று நான் எப்படிக் கணிப்பது?

ஏஎம்4 விசிறிகளில் பெரும்பாலானவை ஏஎம்5-இலும் பொருந்தும்படி அந்த நான்கு திருகுகளின் இடத்தை மாற்றாமல் வைத்தீர்கள். யாரும் மேடையில் கைதட்டாத விஷயம் அது. ஆனால் அதைச் செய்தவர், கணினியைத் தன் கையால் கழற்றி மாட்டும் ஒருவரை மனதில் நினைத்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இந்த மடலை அவர் படிக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். நான் கேட்கும் பட்டியலைத் தயாரிக்க வேண்டியவரும் அநேகமாக அவர் பக்கத்து மேசையில்தான் இருப்பார். பட்டியல் வெளிவரும் நாளில், பிராசசரின் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்பு அதில் என் போர்டின் பெயரைத்தான் தேடுவேன். பெயரும், பயாஸ் எண்ணும், வாட்டும் அந்த வரியில் இருந்தால் அன்றே வாங்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
32 மெகாபைட் பயாஸ் சிப் கொண்ட ஒரு பி650 போர்டின் உரிமையாளர்